பெயருக்கு ஓர் ஓசை, வினைக்கு ஓர் ஓசை: பாளையங்கோட்டையில் ஓர் உச்சரிப்பு வகுப்பு

பாளையங்கோட்டையில் முருகன்குறிச்சிக்குச் சற்று உள்ளே, ஒரு ஜெராக்ஸ் கடையின் மாடியில், ஞாயிற்றுக்கிழமைதோறும் காலை 10 மணி முதல் 12.30 மணி வரை ஆங்கில உச்சரிப்பு வகுப்பு ஒன்று நடக்கிறது. 12 ஞாயிறுகள் கொண்ட அந்த வகுப்புக்கு 4,500 ரூபாய் கட்டிச் சேர்ந்து, ஒரு வாரம்கூட விடாமல் போய்வந்தவள் என்ற முறையில் இதை எழுதுகிறேன். ஒரே ஆசிரியர் தம் சொந்த முயற்சியில் நடத்தும் வகுப்பு என்பதாலும், நான் சொல்லப்போவதில் குறைகளும் உண்டு என்பதாலும் பெயரைத் தவிர்த்திருக்கிறேன். இதுபோன்ற வகுப்புகள் திருநெல்வேலிப் பக்கம் இப்போது பல இருக்கின்றன. சேருவதற்கு முன் எதையெல்லாம் கேட்டுப் பார்க்க வேண்டும் என்பது இதைப் படிப்பவர்களுக்குத் தெரிந்தால் எனக்குப் போதும்.

நான் பள்ளியில் தமிழ் கற்பித்து ஓய்வு பெற்றவள். ஆங்கில உச்சரிப்பைச் செம்மைப்படுத்திக்கொள்ள வேண்டிய அவசரம் எனக்கு எதுவும் இல்லை. வண்ணார்பேட்டையில் ஒரு மருத்துவமனையில் செவிலியராக இருக்கும் என் அண்ணன் மகள், வெளிநாட்டு வேலைக்காக ஓ.இ.டி. என்னும் ஆங்கிலத் தேர்வுக்குத் தயாராகிக்கொண்டிருந்தாள். மருத்துவத் துறையினருக்கென்றே நடத்தப்படும் அந்தத் தேர்வின் பேச்சுப் பகுதியில், நோயாளியிடமோ உறவினரிடமோ பேசுவதுபோல இரண்டு உரையாடல்களை, ஒவ்வொன்றும் ஏறக்குறைய 5 நிமிடம், நடித்துக் காட்ட வேண்டும். சொல்வது கேட்பவருக்குத் தெளிவாக விளங்குகிறதா என்பதற்கே தனியாக மதிப்பெண் உண்டு. "அத்தை, மொத நாள் மட்டும் கூட வாங்களேன், தனியாப் போக ஒரு மாதிரியா இருக்கு" என்று அவள் கேட்டாள். துணைக்குப் போனவள் அன்றைக்கே பணம் கட்டிவிட்டுத் திரும்பினேன்.

அதற்குக் காரணம் அந்த ஆசிரியர் முதல் அரைமணி நேரத்தில் செய்து காட்டிய ஒரு காரியம். பூக்கடையில் பொட்டலம் கட்டப் பயன்படும் ரப்பர் பேண்டுகளை ஆளுக்கொன்றாகக் கொடுத்து, இரண்டு கட்டைவிரல்களிலும் மாட்டிக்கொள்ளச் சொன்னார். பலகையில் 'ரெக்கார்ட்' என்னும் ஒரே சொல்லை ஆங்கிலத்தில் இருமுறை எழுதினார். முதல் சொல், நோயாளியின் பதிவேடு. அதைச் சொல்லும்போது 'ரெ' என்ற முதல் அசையில் ரப்பரை இழுத்து, அடுத்த அசையில் தளரவிட வேண்டும். தளர்ந்த அசையில் உயிரொலி ஏறக்குறைய செத்துப்போய், 'கர்ட்' என்றோ அதனினும் மங்கலாகவோ ஒலிக்கும். இரண்டாம் சொல், காய்ச்சல் எவ்வளவு என்று பதிவு செய்வது. அதில் முதல் அசை 'ரி' என்று சுருங்கிப்போக, இரண்டாம் அசையில் ரப்பர் நீண்டு 'கோர்ட்' என்று கனமாக விழும். எழுத்தில் ஒரு புள்ளியும் மாறவில்லை; பெயராக இருக்கும்போது கனம் முன்னால், வினையாக இருக்கும்போது கனம் பின்னால். முப்பது பேர் ஒன்றாக ரப்பரை இழுத்துத் தளர்த்தி அந்தச் சொல்லைச் சொன்னபோது, இத்தனை காலமும் இரண்டையும் ஒரே மாதிரி, இரண்டு அசைக்கும் ஒரே கனம் கொடுத்துச் சொல்லிக்கொண்டிருந்திருக்கிறேன் என்பது எனக்கு உறைத்தது.

அடுத்து வந்த நான்கு வாரங்களும் இந்த ஒரு செய்திக்கே செலவாயின; என் கணக்கில், கட்டிய பணத்தில் பாதி அந்த நான்கு வாரங்களிலேயே வசூலாகிவிட்டது. மாணவர்களில் பெரும்பாலோர் நாங்குநேரி, வள்ளியூர், அம்பாசமுத்திரம் பக்கங்களிலிருந்து பஸ் ஏறி வரும் செவிலியர்கள் என்பதால், ஆசிரியர் சொற்களையெல்லாம் வார்டிலிருந்தே எடுத்தார். இன்கிரீஸ், டிகிரீஸ் என்பன மருந்தின் அளவில் ஏற்படும் ஏற்ற இறக்கமாக இருந்தால் முதல் அசை கனம். அளவைக் கூட்டு, குறை என்னும் வினையாக இருந்தால் இரண்டாம் அசை கனம். டிஸ்சார்ஜ், டிரான்ஸ்பர், டிரான்ஸ்பிளாண்ட், இம்பிளாண்ட், இன்சர்ட், எக்ஸ்டிராக்ட் எல்லாம் இதே வழியில் நடப்பவை. நோயாளியின் முன்னேற்றத்தைக் குறிக்கும் 'புரோகிரஸ்' முன்கனம். நோய் முற்றிக்கொண்டு போகிறது என்னும் வினை பின்கனம். இவற்றுள் பொருளே முற்றிலும் மாறிவிடும் சொற்களை அவர் தனியாகப் பிரித்துக் கற்பித்தது நல்ல முறை. முன்கனமான 'ரெஃப்யூஸ்' குப்பை. பின்கனமான 'ரிஃப்யூஸ்' மறுப்பது. நோயாளி மாத்திரையை மறுத்துவிட்டார் என்று சொல்ல வந்தவர் கனத்தை முன்னே போட்டால், கேட்பவர் ஒரு கணம் குப்பைத்தொட்டியைத் தேடுவார். 'ஆப்ஜெக்ட்' முன்கனமானால் பொருள், பின்கனமானால் எதிர்ப்புத் தெரிவிப்பது. 'கன்டென்ட்' முன்கனமானால் உள்ளடக்கம், பின்கனமானால் மனநிறைவு; இந்த இரண்டாவது பெயரடையாகவும் வரும் என்பதால் பெயர்–வினை என்ற கணக்குக்குள் முழுதும் அடங்காது. அதை அவரே சொன்னார்.

இரண்டு சொல் சேர்ந்து வரும் இடங்களையும் அவர் விடவில்லை. 'செக்கப்' என்ற பெயரில் கனம் 'செக்'கின் மேல். 'செக் அப்' என்று வினையாகப் பிரிந்தால் 'அப்' மேலே எழும். 'ஃபாலோஅப்', 'பிரேக்டவுன்' ஆகியவையும் அப்படியே. இதை நான் வேறெங்கும் கேட்டதில்லை. இந்த வகுப்பில் கிடைத்த மிகப் பயனுள்ள கால்மணி நேரம் எது என்று கேட்டால் இதைத்தான் சொல்வேன்.

நமக்கு இது ஏன் காதில் விழுவதே இல்லை என்ற கேள்விக்கு வகுப்பில் பதில் கிடைக்கவில்லை. வீட்டுக்கு வரும் வழியில் எனக்குத் தோன்றியதை இங்கே சொல்கிறேன். ஆங்கில வினைச்சொல்லை நாம் தமிழுக்குள் வினையாக எடுத்துக்கொள்வதே இல்லை. ரெக்கார்டு பண்ணு, டிரான்ஸ்பர் பண்ணு, டிஸ்சார்ஜ் பண்ணு என்று, வந்த சொல்லைப் பெயர்போல உட்காரவைத்து, வினையின் வேலையைப் 'பண்ணு' என்பதிடம் ஒப்படைத்துவிடுகிறோம். பெயர் எது, வினை எது என்று காட்டும் சுமை 'பண்ணு'வின் தலையில் இருக்கும்போது, சொல்லின் ஓசை மாறியாக வேண்டிய தேவை எங்கிருந்து வரும்? நாள் முழுவதும் வார்டில் இந்தச் சொற்களைப் புழங்கும் பெண்கள்தாம் இதில் அதிகம் தடுமாறினார்கள். ஆங்கிலம் குறைவாகப் பேசும் நான் அவ்வளவு தடுமாறவில்லை. பழக்கம் இல்லாதவள் என்பதைத் தவிர அதற்கு வேறு காரணம் இல்லை.

ஆறாம் வாரத்தில் தொடங்கிய இரண்டாம் பகுதி, சொல்லின் இறுதி ஒலி மாறும் வகை. 'யூஸ்' பெயரானால் நாம் 'பசி' என்னும்போது எழுப்பும் அதே ஸகரம்; வினையானால் தொண்டை அதிர்ந்து எழும் வேறோர் ஒலி. ஹவுஸ், அப்யூஸ், எக்ஸ்கியூஸ் ஆகியவற்றிலும் இதே வேறுபாடுதான். 'அட்வைஸ்' என்பதை ஆங்கிலத்தில் பெயருக்கும் வினைக்கும் வேறுவேறு எழுத்திட்டு எழுதுகிறார்கள். தமிழில் எழுதினால் இரண்டும் ஒன்றாகிவிடும். செவிலியருக்கு அன்றாடம் தேவைப்படுவது மூச்சைக் குறிக்கும் 'பிரெத்', மூச்சுவிடு என்னும் 'பிரீத்' ஆகிய இரண்டும். இவற்றில் இறுதி மெய்யோடு உயிரும் சேர்ந்து மாறுகிறது. குரல்வளையில் இரண்டு விரலை வைத்து அதிர்வு இருக்கிறதா என்று பார்க்கச் சொன்னார் ஆசிரியர். காது கேளாத பிள்ளைகளுக்கான பழைய பள்ளி இருக்கும் இந்த ஊரில், ஒலியைக் கைவிரலால் அறிவது புதுச் செய்தி அன்று. அதைவிட எளிய உபாயம் ஒன்றையும் அவர் சொன்னார்: அதிரும் ஒலிக்கு முன்னால் வரும் உயிரை ஆங்கிலத்தில் இயல்பாகவே சற்று நீட்டுவார்கள், ஆகவே இறுதி ஒலி கைகூடாதவர்கள் வினையில் 'யூ'வை ஒரு பங்கு கூடுதலாக நீட்டினாலே கேட்பவருக்கு வேறுபாடு போய்ச் சேர்ந்துவிடும். குறில் நெடிலைக் காதால் நுட்பமாகப் பிரித்துப் பழகிய நமக்கு இதைவிடப் பொருத்தமான உபாயம் இல்லை.

ஆயினும் இந்தப் பகுதியை நடத்திய விதத்தில் எனக்குக் குறை உண்டு. மாதிரி ஒலிகளை அவர் தம் கைப்பேசியின் ஒலிபெருக்கியிலேயே போட்டுக் காட்டினார். தலைக்கு மேல் கடகடக்கும் இரண்டு மின்விசிறிகளுக்கும், சன்னலுக்கு வெளியே ஓயாமல் ஹாரன் அடிக்கும் பஸ்களுக்கும் இடையே, அதிரும் ஸகரமும் அதிராத ஸகரமும் பின்வரிசைக்காரர்களுக்குப் பிரிந்து கேட்கவே வழியில்லை. 135,000 ரூபாய்க்குக் குறையாமல் ஒரு சுற்றில் வசூலாகும் வகுப்பில் ஒரு சிறிய ஸ்பீக்கர் வாங்கிவைப்பது பெரிய காரியம் அன்று. காதால் கற்க வேண்டிய பாடத்தைக் காது எட்டாத இடத்தில் வைப்பதை நான் சிறு குறையாக எண்ணவில்லை.

மூன்றாம் பகுதி 'ஏட்' என்று முடியும் சொற்கள். எஸ்டிமேட், டூப்ளிகேட், டெலிகேட், கிராஜுவேட் போன்றவை பெயராக வரும்போது கடைசி அசை 'மெட்', 'கெட்' என்பதைவிடவும் மங்கி உயிரில்லாமல் ஒலிக்கும். வினையாக வரும்போதுதான் 'மேட்', 'கேட்' என்று முழுதாக எழும். நாமோ எல்லா இடத்திலும் முழு 'கேட்'டையும் திறந்தே வைத்திருக்கிறோம். 'டாக்குமெண்ட்', 'சப்ளிமெண்ட்' ஆகியவற்றிலும் இறுதி அசைக்குப் பெயரில் மங்கலும் வினையில் தெளிவும் உண்டு. இந்தப் பகுதியை ஆசிரியர் ஒரே ஞாயிற்றில் ஓட்டிவிட்டார்.

இனி, வகுப்பின் பெரிய குறைக்கு வருகிறேன். மூன்றாம் வாரம் கொடுத்த ஜெராக்ஸ் தாளில், ஈரசைச் சொல் எதுவானாலும் பெயரில் முன்கனம், வினையில் பின்கனம் என்று விதியைக் கொட்டை எழுத்தில் அச்சிட்டிருந்தார்கள். இது உண்மை அன்று. ரிப்போர்ட், ரிக்வெஸ்ட், கன்ட்ரோல், சப்போர்ட், ரிசல்ட் ஆகியவை பெயரானாலும் வினையானாலும் பின்கனமே. விசிட், கமெண்ட், பேண்டேஜ், ஆன்சர் ஆகியவை இரண்டு நிலையிலும் முன்கனமே. கனம் இடம் மாறும் சொற்கள் நூற்றுக்கு மேல் இருக்கின்றன என்றாலும், மாறாத சொற்கள் அவற்றைக் காட்டிலும் மிகப் பல. விதியை முழுதாக நம்பிய பெண்கள் அடுத்த வாரமே 'ரிப்போர்ட்' என்பதை 'ரீ' என்று முன்னால் அழுத்திச் சொல்லத் தொடங்கினார்கள். வகுப்புக்கு வருமுன் அந்தச் சொல்லை அவர்கள் சரியாகவே சொல்லிக்கொண்டிருந்தார்கள் என்பதை எண்ணினால் இது எவ்வளவு பெரிய பிழை என்பது விளங்கும். நான் எழுந்து கேட்டபோது, "அதெல்லாம் விதிவிலக்கு டீச்சர், போகப்போகத் தெரிஞ்சுக்கலாம்" என்றார். விலக்கு விதியைவிடப் பெரிதாக இருந்தால் அதை விலக்கு என்று எந்த இலக்கணக்காரரும் சொல்லமாட்டார். இரண்டு வாரம் கழித்து, மாறுவன, மாறாதன என்று இரண்டு பத்தியாகப் பிரித்துப் புதிய தாள் கொடுத்தார்; தவற்றைத் திருத்திக்கொள்ளும் மனம் அவருக்கு இருந்ததை நான் மறைக்க மாட்டேன்.

இந்த மாற்றம் ஆங்கிலத்தில் ஒரே நாளில் வந்ததன்று என்பதைச் சொல்லியிருந்தால் விதி பற்றிய இந்த மயக்கம் வந்தே இருக்காது. 1570ஆம் ஆண்டு இங்கிலாந்தில் வெளியான ஓர் எதுகை அகராதியில் கனம் இடம் மாறும் சொற்களாகக் காணப்படுவன ரெக்கார்ட், ரெபெல், அவுட்லா ஆகிய மூன்றுதான். பின்னர் ஒவ்வொரு நூற்றாண்டிலும் புதிய சொற்கள் அந்த வரிசையில் சேர்ந்துகொண்டே வந்திருக்கின்றன; இன்றும் சேர்கின்றன. 'அட்ரஸ்' என்னும் பெயரை அமெரிக்கர் பலர் முன்கனமாகவும், ஆங்கிலேயர் பின்கனமாகவும் சொல்வது அதனால்தான். ஓடிக்கொண்டிருக்கும் ஆற்றில் எந்த இடத்தில் நிற்கிறோம் என்பதைப் பொறுத்தே தண்ணீரின் அளவு தெரியும். ஆகவே இதை விதி என்று சொல்லாமல் போக்கு என்று சொல்லிக் கற்பிப்பதே முறை. ஒவ்வொரு சொல்லையும் அகராதியில் பார்த்து உறுதிசெய்துகொள்ளும் பழக்கத்தையும் உடன் கற்பிக்க வேண்டும். அகராதி பார்க்கும் முறை 12 வாரத்தில் ஒரு நாளும் கற்பிக்கப்படவில்லை. கனம் விழும் அசைக்கு முன்னால் மேற்கோடு ஒன்றை அகராதிகள் இடுகின்றன; அந்தச் சிறு கோட்டை அடையாளம் காணக் கற்றுக்கொடுத்தால், வகுப்பு முடிந்த பிறகும் மாணவர் தாமே நடந்துபோவார்.

அடுத்த குறை என் தொழிலோடு தொடர்புடையது என்பதால் சற்று விரிவாகவே சொல்கிறேன். "தமிழில் இதெல்லாம் கிடையாது, அதனால்தான் நமக்கு நாக்கு வரவில்லை, தமிழை மறந்துவிட்டு உட்காருங்கள்" என்று ஆசிரியர் ஏறக்குறைய வாரந்தோறும் சொல்லிவந்தார். திருநெல்வேலிக்காரர்கள் இழுத்துப் பேசுவதையும் நடித்துக் காட்டுவார், வகுப்பு சிரிக்கும். ஆனால் பெயருக்கும் வினைக்கும் ஓசையால் வேறுபாடு காட்டுவதைத் தமிழைவிடத் தெளிவாகக் கற்பிக்கும் மொழி எது? கெடு என்னும் வினை பெயராகும்போது கேடு ஆகிறது, படு பாடாகிறது, சுடு சூடாகிறது, பெறு பேறாகிறது. முதனிலை திரிந்த தொழிற்பெயர் என்று உயர்நிலைப் பள்ளியிலேயே படிக்கிறோம். பெயரானவுடன் முதல் அசை கனம் பெறுகிறது என்னும் அந்த ஒரு செய்தியில், 'ரிகோர்ட்' 'ரெக்கர்ட்' ஆவதும் 'கெடு' 'கேடு' ஆவதும் ஒரே தாளத்தில் நடக்கின்றன. இரண்டு மொழிக்கும் உறவு உண்டு என்று நான் சொல்லவில்லை. நம்முடையது உயிர் நீள்வது, அவர்களுடையது அழுத்தம் இடம் மாறுவது. ஆனால் நினைவில் இருத்திக்கொள்ள இதைவிட நல்ல கைப்பிடி எந்த மாணவிக்குக் கிடைக்கும்?

இன்னொன்றும் உண்டு. எழுத்துகளை எடுத்தும் படுத்தும் நலிந்தும் ஒலிப்பதால் ஓசையில் சிறிது வேறுபாடு உண்டாகும் என்று நன்னூல் எழுத்தியலில் சொல்கிறது. 'வந்தான்' என்பது வினைமுற்றாகவும் நிற்கும், வந்தவனைக் குறிக்கும் வினையாலணையும் பெயராகவும் நிற்கும். படுத்தல் ஓசையால், அதாவது தாழ்த்தி ஒலிப்பதால், அது பெயராகும் என்பது உரையாசிரியர்கள் கொடுக்கும் விளக்கம். ஒரே எழுத்து, ஒரே வடிவம், ஓசை மட்டும் வேறு. ஒன்று வினை, ஒன்று பெயர். இந்தச் செய்தியைப் பலமுறை வகுப்பில் நடத்தியவள் நான். நடத்தியபோதெல்லாம் அது எனக்குத் தேர்வு வினாவாகவே இருந்தது. ஒரு ரப்பர் பேண்டை இழுத்த நாளில்தான் அந்த உரைகாரர்கள் காதால் கேட்டு எழுதியிருக்கிறார்கள் என்பது விளங்கியது. அந்த வகையில் இந்த வகுப்புக்கு நான் கடன்பட்டிருக்கிறேன், ஆசிரியர் அதை ஒப்புக்கொள்ளாவிட்டாலும்.

இறுதி ஒலி அதிர்வதற்கும் நம் இலக்கணத்தில் உறவு தேடலாம். பழைய ஆங்கிலத்தில் ஸகரமும் ஃபகரமும் இரண்டு உயிருக்கு நடுவே வந்தால் அதிர்ந்து ஒலித்தன. சொல்லின் இறுதியில் நின்றால் அதிரவில்லை. வீட்டைக் குறிக்கும் 'ஹூஸ்' என்ற பெயரில் ஸகரம் இறுதியில் நின்றது. 'ஹூஸியன்' என்ற வினையில் விகுதி சேர்ந்ததால் இரண்டு உயிருக்கு நடுவே அகப்பட்டு அதிர்ந்தது. காலப்போக்கில் விகுதி உதிர்ந்துபோக, அதிர்வு மட்டும் எஞ்சியது. 'ஹவுஸ்' இரண்டாகப் பிரிந்த கதை இதுதான். தமிழில் 'படம்' என்பதில் டகரம் உயிர்களுக்கு நடுவே அதிர்வதும், 'பட்டம்' என்று இரட்டித்தால் அதிராமல் நிற்பதும் இதே இயல்புதான். நமக்கு அது தனி எழுத்தாகவில்லை, அவர்களுக்குத் தனி ஒலியாகிவிட்டது. தமிழின் இந்த இயல்பை ஒரு விதியாக வகுத்து உலகுக்குச் சொன்ன கால்டுவெல், 1841இல் வந்து தங்கியது இந்த மாவட்டத்து இடையன்குடியில். திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணத்தை அவர் வெளியிட்டது 1856இல். பாளையங்கோட்டையில் உட்கார்ந்துகொண்டு ஒலியியல் கற்பிப்பவர் அந்தப் பெயரை ஒரு தடவையாவது சொல்லியிருக்கலாம். நம்முடைய ஸகரம் மட்டும் 'பசி'யிலும் 'ஆசை'யிலும் உயிர்களுக்கு நடுவே நின்றும் அதிராமலே இருக்கிறது என்பதுதான் நமக்கு 'யூஸ்' வினையில் சறுக்கும் உண்மையான காரணம். டகரத்தையும் பகரத்தையும் அதிர வைக்கும் தொண்டைக்கு ஸகரத்தையும் அதிர வைக்கத் தெரியாமல் போகாது. தமிழை மறக்கச் சொல்வதற்குப் பதிலாக, 'கோபம்' என்று சொல்லும்போது பகரத்தில் என்ன செய்கிறாயோ அதையே ஸகரத்தில் செய் என்று சொன்னால் வேலை முடிந்தது.

இதையெல்லாம் ஒன்பதாம் வாரம் வகுப்பு முடிந்தபின் அவரிடம் பக்குவமாகச் சொன்னேன். கோபித்துக்கொள்வார் என்று நினைத்தேன். மாறாக, அடுத்த ஞாயிறு 20 நிமிடம் என்னிடம் கொடுத்துவிட்டு அவர் பின்வரிசையில் போய் உட்கார்ந்தார். கெடு, கேடு என்று பலகையில் எழுதி, ரப்பரை இழுத்து, உடனே 'ரிகோர்ட்', 'ரெக்கர்ட்' என்று சொல்லவைத்தேன். 'கோபம்' வழியாக 'யூஸ்' வினைக்குக் கொண்டுபோனேன். வகுப்பில் நால்வருக்காவது அன்றைக்குத்தான் அந்த ஒலி முதன்முதலாகப் பிடிபட்டது. அவர்களில் என் அண்ணன் மகளும் ஒருத்தி; "என்னட்டி, இப்ப வந்துட்டா?" என்று கேட்டேன். "தொண்டையில நண்டு ஊருத மாதிரி இருக்கு அத்தை" என்றாள். அடுத்த சுற்றிலும் இந்தப் பாடம் இருக்குமா என்று ஆசிரியரைக் கேட்டபோது சிரித்தாரே தவிர பதில் சொல்லவில்லை.

யார் சேரலாம் என்று கேட்பவர்களுக்கு: ஆங்கிலத்தில் ஏற்கெனவே வாக்கியம் அமைத்துப் பேசத் தெரிந்து, கேட்பவர் அடிக்கடி "என்ன சொன்னீர்கள்?" என்று திரும்பக் கேட்கிறார் என்ற வருத்தம் உள்ளவர்களுக்கு இந்த வகுப்பு நன்கு பயன்படும். இலக்கணம், எழுத்து, சொல்வளம் எதிர்பார்த்து வருபவர்கள் ஏமாந்துபோவார்கள். ஓ.இ.டி. தேர்வின் நான்கு பகுதிகளுக்கும் தயார்செய்யும் வகுப்பு அன்று இது. அப்படி விளம்பரமும் செய்யவில்லை, ஆனாலும் வரும் பெண்களில் பாதிப்பேர் அப்படி நினைத்தே சேருகிறார்கள். ஆளுக்கு வாரம் ஒருமுறையாவது தனியாக எழுந்து சொல்ல வாய்ப்புக் கிடைப்பது நல்லது. 30 பேரைத் தாண்டிச் சேர்த்தால் அது கிடைக்காது. 9.45க்கே போய்விட்டால் முன்வரிசையில், சன்னலுக்கு எதிர்ப்பக்கம் இடம் கிடைக்கும். இரண்டாம் பகுதி நடக்கும் வாரங்களில் அது மிக அவசியம். தாள்களை அப்படியே நம்பாமல் வீட்டில் ஓர் அகராதியோடு ஒப்பிட்டுப் பாருங்கள். குடிதண்ணீரும் கழிப்பறையும் சுத்தமாக இருக்கின்றன; மாடிப்படி செங்குத்தானது, என் வயதுக்காரர்கள் கைப்பிடியைப் பிடித்து ஏற வேண்டும்.

பன்னிரண்டாம் ஞாயிறு ஒரு பக்க நோயாளிக் குறிப்பை உரக்கப் படிக்கச் சொல்லி மதிப்பெண் போட்டார்கள். 40 சொற்களில் எனக்கு 31 சரி. தவறியவற்றில் பெரும்பாலானவை மூன்றாம் பகுதியைச் சேர்ந்தவை, அவசரமாக ஓட்டிய அந்த ஒரே ஞாயிற்றின் பலன். அண்ணன் மகளுக்கு 36. முடிவில் எல்லோருக்கும் தடித்த அட்டையில் அச்சிட்ட சான்றிதழ் கொடுத்து, ஒவ்வொருவராக மேடைக்கு அழைத்தார்கள். அதை வாங்கும்போது எல்லோரும் உற்சாகமாகச் 'சர்டிஃபிகேட்' என்று கடைசி 'கேட்'டை முழுதாகத் திறந்துதான் சொன்னோம். பெயர்களை வாசித்த ஆசிரியரும் அப்படித்தான் சொன்னார்.